ஷட்டரைத் தொடாமல் ஐஎஸ்ஓவை மட்டும் மாற்றி பிராக்கெட் செய்தால் என்ன தப்பு?

வெளிச்சம்தேடி:
வணக்கம். ஒரு சந்தேகம், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு அறை. எதிரே பெரிய ஜன்னல், வெளியே நல்ல வெயில். ஜன்னலுக்குப் பக்கத்தில் புத்தக அலமாரி, அதன் கீழ்த்தட்டு கிட்டத்தட்ட இருட்டு. வெயிலும் தெரிய வேண்டும், கீழ்த்தட்டும் தெரிய வேண்டும் என்பதால் பிராக்கெட் செய்து, அதாவது வெவ்வேறு வெளிச்ச அளவில் மூன்று படம் எடுத்து, சேர்க்கலாம் என்று கேமராவை முக்காலியில் வைத்தேன். ஷட்டரை, அதாவது ஒளி விழும் நேரத்தை, மாற்றி எடுத்தால் ஒவ்வொரு படத்திலும் திரைச்சீலை ஒவ்வொரு இடத்தில் நிற்கிறது. சேர்த்ததும் பேய் மாதிரி இரட்டை விளிம்பு. சரி, ஷட்டரை 1/60-லேயே நிறுத்திவிட்டு, படத்தின் பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்கும் ஐஎஸ்ஓ எண்ணை மட்டும் மாற்றுவோம் என்று தோன்றியது. அபெர்ச்சர் (லென்ஸ் துளை) எஃப்/8, ஷட்டர் 1/60, ஐஎஸ்ஓ 100, 400, 1600. இரண்டிரண்டு ஸ்டாப் இடைவெளி (ஒரு ஸ்டாப் என்றால் பிரகாசம் இரு மடங்கு). கேமராவின் திரையில் பார்த்தால் வழக்கமான பிராக்கெட் மாதிரியேதான் இருந்தது. ஒன்று கறுப்பு, ஒன்று நடுத்தரம், ஒன்று வெளுப்பு.

கணினியில் சேர்த்துப் பார்த்தால் கீழ்த்தட்டு முழுக்க மணல் தூவியது போல நாய்ஸ். போன வாரம் இதே அறையை ஷட்டர் மாற்றி எடுத்தபோது அந்த இடம் வழவழவென்று வந்திருந்தது. சரி, அதாவது போகட்டும் என்றால், திரைச்சீலையின் இரட்டை விளிம்பும் போகவில்லை! எங்கே சறுக்கினேன்?

முக்காலிமனிதன்:
ஐஎஸ்ஓ வெளிச்சம் இல்லை. அவ்வளவுதான் பதில். மூன்று முறையும் சென்சாருக்கு ஒரே அளவு ஒளிதான் போயிருக்கிறது.

வெளிச்சம்தேடி:
அது புரிகிறது சார், ஆனால் படம் வெளுப்பாகத்தானே வந்தது? வெளுத்த படத்தில் நிழல் விவரம் கூடுதலாக இருக்க வேண்டாமா?

கணக்குப்பிள்ளை:
எண்களை வைத்துப் பார்த்தால் சட்டென்று விளங்கும். கீழ்த்தட்டில் ஒரு புத்தக முதுகு, அதில் ஒரு பிக்சல். 1/60 நொடியில் அந்த பிக்சலில் 100 எலெக்ட்ரான் சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒளி சீராக ஒழுகுவதில்லை, மழைத்துளி மாதிரி விட்டுவிட்டு விழும். அதனால் இயல்பாகவே ஒரு ஏற்ற இறக்கம் உண்டு. அதன் அளவு எண்ணிக்கையின் வர்க்கமூலம். 100-க்கு 10. அதாவது சமிக்ஞை நாய்ஸைப்போல 10 மடங்கு.

இப்போது ஐஎஸ்ஓ 100-இலிருந்து 1600-க்குப் போகிறீர்கள். 16 மடங்கு பெருக்கல். 100 என்பது 1600 ஆகிறது, 10 என்பது 160 ஆகிறது. விகிதம் அதே 10. படம் வெளுத்தது, தரம் அப்படியே நின்றுவிட்டது.

அதற்குப் பதிலாக ஐஎஸ்ஓ 100-லேயே நின்று ஷட்டரை 16 மடங்கு நீட்டினால் 1600 எலெக்ட்ரான் நிஜமாகவே சேரும். வர்க்கமூலம் 40. விகிதம் 40. போன வாரம் பார்த்த வழவழப்பு அதுதான்.

இன்னொரு விஷயம் கவனித்தீர்களா? உங்கள் முதல் படம், அதாவது எஃப்/8, 1/60, ஐஎஸ்ஓ 100, சரியான பிராக்கெட்டின் இருட்டுப் படமேதான். அதை அப்படியே வைத்துக்கொண்டு ஐஎஸ்ஓவைத் தொடாமல் அடுத்ததை 1/15-இலும் மூன்றாவதை 1/4-இலும் எடுத்திருந்தால் வேலை முடிந்திருக்கும். திரையில் மூன்றும் இப்போது இருக்கிற அதே வெளுப்பில்தான் தெரியும். உள்ளே இருக்கிற சரக்குதான் வேறு.

ஆட்டோமோடு:
குறுக்கே கேட்கிறேன், மன்னிக்கவும். அப்போ ஐஎஸ்ஓ என்ற எண்ணுக்கு அர்த்தம்தான் என்ன?

கணக்குப்பிள்ளை:
டிஜிட்டல் கேமராவுக்கான தரநிலை ஐஎஸ்ஓ 12232. முதலில் 1998-இல் வந்தது. 2006-இல் திருத்தியபோது, வெளிவரும் படம் எவ்வளவு வெளிச்சமாக இருக்க வேண்டும் என்பதை வைத்து எண்ணைக் கணிக்கும் முறையையும் சேர்த்தார்கள். இவ்வளவு ஒளி கொடுத்தால் ஜேபெக் இவ்வளவு வெளிச்சமாக வரும் என்று கேமரா சொல்கிற வாக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாக்கை உள்ளே எப்படிக் காப்பாற்றுகிறது என்பது கேமராவுக்குக் கேமரா மாறும்.

பழையலென்ஸ்:
கணக்குப்பிள்ளை சொல்வது புத்தகத்துக்குச் சரி. நான் பத்து வருஷத்துக்கு மேல் ஒரே பழைய டிஎஸ்எல்ஆரை வைத்து ஓட்டுகிறேன். அதில் ஐஎஸ்ஓ 100-இல் எடுத்த இருட்டுப் படத்தை மென்பொருளில் நான்கு ஸ்டாப் தூக்கினால் நிழலில் கோடு கோடாக வரும், அதுவும் கொஞ்சம் ஊதா நிறத்தில். அதே காட்சியை அதே ஷட்டரில் ஐஎஸ்ஓ 1600-இல் எடுத்தால் அந்தக் கோடுகள் இல்லை. நாய்ஸ் இருக்கும், ஆனால் பார்க்க முடிகிற நாய்ஸ். வித்தியாசமே இல்லை என்று நீங்கள் சொல்வதை என் கண் ஒப்புக்கொள்ளவில்லை.

கணக்குப்பிள்ளை:
உங்கள் கண் சரி அண்ணா. நான் பாதிதான் சொன்னேன்.

ஒளியின் ஏற்ற இறக்கம் தவிர, கேமராவின் மின்சுற்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் நாய்ஸ் சேர்க்கும். அது இரண்டு இடத்தில் சேர்கிறது: பெருக்குவதற்கு முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம். மேடையில் ஒருவர் முணுமுணுக்கிறார் என்று வையுங்கள். மைக்கின் குமிழைத் திருகி சத்தத்தைக் கூட்டிப் பதிவு செய்தால், பதிவுக் கருவியின் இரைச்சல் அந்தக் குரலுக்குக் கீழே அமுங்கிவிடும். மெல்லப் பதிவு செய்துவிட்டு, கேட்கும்போது ஸ்பீக்கரைக் கூட்டினால் கருவியின் இரைச்சலும் கூடவே எழும்பும். பழைய கேமராக்களில் பெருக்கலுக்குப் பின்னால் வரும் இரைச்சல் அதிகம். அங்கே ஐஎஸ்ஓவை முதலிலேயே ஏற்றுவதில் லாபம் உண்டு.

பிறகு வந்த சென்சார்களில் அனலாகை டிஜிட்டலாக மாற்றும் வேலை சென்சார் சில்லுக்குள்ளேயே, ஒவ்வொரு நெடுவரிசைக்கும் தனித்தனியாக நடக்கிறது. பின்னால் சேரும் இரைச்சல் மிகவும் குறைந்துவிட்டது. 2010-இல் வந்த நிக்கான் டி7000, பென்டாக்ஸ் கே-5 இரண்டும் இதற்குப் பேர்போனவை. ஐஎஸ்ஓ 100-இல் எடுத்துவிட்டு மென்பொருளில் தூக்கினாலும், கேமராவிலேயே 1600 வைத்தாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கேனன் 80டி போன்ற மாடல்களில் அந்த மாற்றம் 2016-இல் வந்தது. இப்போது பல சென்சார்களில் பாதியில் ஒரு படியும் உண்டு: சோனி ஏ7 மூன்றாம் மாடலில் ஐஎஸ்ஓ 640-க்கு வந்ததும் நிழல் நாய்ஸ் சட்டென்று இறங்கும்.

ஆக பழையலென்ஸ் அண்ணா கையில் இருக்கும் கேமராவில் ஐஎஸ்ஓ பிராக்கெட்டுக்கு நிஜமாகவே ஒரு பலன் இருக்கிறது. 100-இல் எடுத்த படம் ஜன்னலைக் காப்பாற்றும், 1600-இல் எடுத்தது நிழலைக் கோடில்லாமல் கொடுக்கும். ஆனால் 1/4 நொடி கொடுக்க முடிகிற இடத்தில் அதுவும் இரண்டாம் பட்சம்தான்.

பழையலென்ஸ்:
இப்போது ஒத்துப்போகிறது. இதையே ஒரே சொடுக்கில் செய்யும் வித்தை ஒன்று இருந்தது, நினைவிருக்கிறதா? கேனன் கேமராக்களில் ஏற்றிக்கொள்ளும் மேஜிக் லாண்டர்ன் என்ற இலவச நிரலில், 2013-இல் இரட்டை ஐஎஸ்ஓ என்று கொண்டுவந்தார்கள். சென்சாரின் இரண்டு வரி ஐஎஸ்ஓ 100, அடுத்த இரண்டு வரி 800 என்று மாறி மாறிப் படிக்கும். பிறகு கணினியில் பிரித்துச் சேர்க்க வேண்டும். ஒரே நொடியில் எடுத்தது என்பதால் பேய் விளிம்பு கிடையாது. மிக வெளுத்த இடத்திலும் மிக இருண்ட இடத்திலும் செங்குத்துக் கூர்மை பாதியாகும், அதுதான் விலை. அப்போது நான் அதோடு பல இரவுகள் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

வெளிச்சம்தேடி:
அருமை, நாய்ஸ் விஷயம் தெளிவு. ஆனால் திரைச்சீலை? ஷட்டர் மூன்றிலும் 1/60 தானே? அப்புறம் ஏன் இரட்டை விளிம்பு?

முக்காலிமனிதன்:
ஏனென்றால் மூன்று தனித்தனிப் படம் எடுத்தீர்கள். முதல் படத்துக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் நீங்கள் பட்டனைத் தேடி, ஐஎஸ்ஓவைத் திருப்பி, மறுபடி சொடுக்கி... குறைந்தது பத்து நொடியாவது போயிருக்கும். பத்து நொடியில் திரைச்சீலை ஒரு நாட்டியமே ஆடி முடித்திருக்கும். பேய் விளிம்பு பெரும்பாலும் படங்களுக்கு நடுவே நடக்கும் அசைவால் வருகிறது. ஷட்டர் ஒரே மாதிரி இருந்தால் மூன்றிலும் கலங்கல் ஒரே அளவு இருக்கும், அவ்வளவுதான். இடம் மாறியது மாறியதுதான்.

கேமராவின் தானியங்கி பிராக்கெட்டைப் போட்டு, தொடர் சொடுக்கையும் சேர்த்து வையுங்கள். நொடிக்கு 10 படம் எடுக்கும் கேமராவில் மூன்றும் அரை நொடி, முக்கால் நொடிக்குள் முடிந்துவிடும். இரண்டு நொடி டைமரும் போட்டால் விரல் அதிர்வும் இல்லை.

கணக்குப்பிள்ளை:
இதோடு ஒன்று. மூன்று படத்தின் ஷட்டரும் ஒன்றே என்றால், மூன்றையும் அடிப்படை ஐஎஸ்ஓவிலேயே எடுத்து சராசரி போடலாமே. மூன்று படத்தின் சராசரியில் தரம் 1.7 மடங்கு கூடும், 16 படம் என்றால் 4 மடங்கு. எந்தப் படத்திலும் ஜன்னல் வெளுக்காது. வெளுப்பும் நிழலும் ஒரே படத்தில் தெரியும்படி பல படங்களைச் சேர்ப்பதை எச்டிஆர் என்பார்கள். கூகுள் கைபேசிகளின் எச்டிஆர் பிளஸ் தொடக்கத்தில் இப்படித்தான் வேலை செய்தது. 2016-இல் வெளிவந்த அவர்களது ஆய்வுக் கட்டுரையில் விவரம் இருக்கிறது. எல்லாப் படத்தையும் ஒரே எக்ஸ்போஷரில் (ஒளி அளவில்), கொஞ்சம் இருட்டாகவே எடுத்து, துண்டு துண்டாகப் பொருத்திச் சேர்த்தார்கள். படங்கள் ஒரே வெளிச்சத்தில் இருப்பதால் அசைந்த பொருளைப் பொருத்துவதும் எளிது.

ஆட்டோமோடு:
என் ஃபூஜிஃபிலிம் கேமராவில் ஐஎஸ்ஓ பிராக்கெட்டிங் என்றே ஒரு தேர்வு இருக்கிறது. பிரயோஜனம் இல்லை என்றால் ஏன் வைத்தார்கள்?

பழையலென்ஸ்:
தம்பி, அது வேறு ஜாதி. ஃபூஜிஃபிலிம் எக்ஸ் வரிசையில் அதைப் போட்டுச் சொடுக்கினால் எடுக்கப்படுவது ஒரே ஒரு படம். அதையே கேமரா உள்ளுக்குள் கூட்டி ஒன்று, குறைத்து ஒன்று என்று இரண்டு பிரதி போட்டு மூன்றாகத் தரும். ஒரு ஸ்டாப் வரைதான் போகும். ஜேபெக் மட்டும் எடுத்து அப்படியே கொடுத்துவிடுகிறவர்களுக்கு நல்லது. வீட்டுக்குப் போய் எது அழகோ அதைப் பொறுக்கிக்கொள்ளலாம். எச்டிஆருக்கு அதில் ஒன்றும் இல்லை. ரா கோப்பு, அதாவது கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு, வைத்திருந்தால் அந்த மூன்றையும் நீயே ஒரு ஸ்லைடரில் செய்துவிடுவாய்.

ஸ்டூடியோவாசி:
யாரும் ஃபிளாஷைப் பற்றிப் பேசவே இல்லையே. எங்கள் வேலையில் ஷட்டர் பிராக்கெட் சுத்தமாக உதவாது. ஃபிளாஷ் ஒளி ஆயிரத்தில் சில பங்கு நொடியில் அடித்து ஓய்ந்துவிடும். ஷட்டர் 1/60 இருந்தால் என்ன, 1/125 இருந்தால் என்ன, பொருளின் மேல் விழுந்த ஃபிளாஷ் அளவு ஒன்றுதான். அறை வெளிச்சம் மட்டும்தான் மாறும். அபெர்ச்சரை மாற்றினால் ஃபோகஸ் ஆழம் கெடும். மிச்சம் இருப்பது ஃபிளாஷ் பவர், இல்லாவிட்டால் ஐஎஸ்ஓ. ஆள் உட்கார்ந்திருக்கும்போது ஒவ்வொரு ஃபிளாஷாகப் போய்த் திருகிக்கொண்டிருக்க முடியாது. ஐஎஸ்ஓவை 100, 125, 160 என்று ஏற்றி மூன்று எடுத்துவிட்டு அன்றைக்கான அளவை முடிவு செய்வேன். இது எச்டிஆர் இல்லை, அந்தக் காலத்து அர்த்தத்தில் பிராக்கெட்: எது சரியாக விழுந்ததோ அதை எடுத்துக்கொள்வது.

கணக்குப்பிள்ளை:
நியாயமான உபயோகம். ஒரே எச்சரிக்கை: சில கேமராக்களில் 125, 160 போன்ற நடு எண்கள் நிஜப் பெருக்கல் இல்லை, பக்கத்து எண்ணில் எடுத்து எண்கணக்கில் ஏற்றியதோ இறக்கியதோ. ரா கோப்பை அளந்து பார்க்கிறவர்கள் அங்கே குழம்புவார்கள்.

ஆட்டோமோடு:
கடைசி சந்தேகம். ஐஎஸ்ஓ 50-ம் இருக்கிறது. வானத்துக்கு அதை வைத்து ஒரு படம் கூடுதலாக எடுத்தால்?

முக்காலிமனிதன்:
வேண்டாம். அடிப்படை 100 உள்ள கேமராவில் 50 என்பது பெரும்பாலும் 100-இல் ஒரு ஸ்டாப் கூடுதலாக ஒளி வாங்கி, பிறகு இறக்கிக் காட்டுவது. வானம் ஒரு ஸ்டாப் சீக்கிரமே வெளுக்கும். காப்பாற்றப் போய் கெடுத்த கதை.

இரவுவானம்:
நட்சத்திரக்காரன் கணக்கையும் எழுதிவிடுகிறேன். எங்களுக்கு ஷட்டர் கையில் இல்லை. அகலக் கோண லென்ஸில் 20 நொடிக்கு மேல் போனால் நட்சத்திரம் கோடாகிவிடும். அபெர்ச்சர் ஏற்கெனவே எஃப்/2.8-இல் முழுக்கத் திறந்திருக்கிறது. அப்போது மாற்ற மிச்சம் இருப்பது ஐஎஸ்ஓ ஒன்றே. ஐஎஸ்ஓ 3200-இல் பிரகாசமான நட்சத்திரங்கள் எல்லாம் வெறும் வெள்ளைப் பொட்டாகிவிடும். திருவாதிரையின் சிவப்பும் ரீகலின் நீலமும் தெரிய வேண்டுமானால் அதே 20 நொடியில் ஐஎஸ்ஓ 400-இல் ஒன்று எடுத்து வைத்துக்கொள்வேன். லென்ஸ் மாற்றி ஓரியன் நெபுலாவை எடுக்கும்போதும் இதே கதை, நடுப்பகுதி சட்டென்று வெளுத்துவிடும். ஐஎஸ்ஓவை ஏற்றும்போது நிழலில் கிடைப்பதைவிட, இறக்கும்போது வெளுப்பில் தப்புவதுதான் எனக்கு முக்கியம்.

சாதாரண ராத்திரிக் காட்சிக்கும் ஒரு சிக்கல் உண்டு. பெரும்பாலான கேமராக்களின் தானியங்கி பிராக்கெட் 30 நொடியைத் தாண்டாது. நடுப்படம் 15 நொடி என்றால், இரண்டு ஸ்டாப் கூடுதல் படத்துக்கு 60 நொடி வேண்டும். கிடைக்காது, ஒன்றும் சொல்லாமல் 30-இல் நின்றுவிடும், நாம் வீட்டுக்கு வந்துதான் கவனிப்போம். அங்கே ஐஎஸ்ஓவை ஒரு ஸ்டாப் ஏற்றி மூன்றையும் சேர்த்தே கீழே இறக்கினால் 2, 8, 30 என்று அடங்கிவிடும்.

முக்காலிமனிதன்:
அதேதான்! பிராக்கெட்டில் ஐஎஸ்ஓவின் உண்மையான வேலை அதுதான். படத்துக்குப் படம் மாறக் கூடாது, மொத்த வரிசையையும் வேகமான பக்கம் தள்ளத்தான் அது. முக்காலி இல்லாமல் வெளிச்சம்தேடியின் அறையை எடுப்பதாக வையுங்கள். ஐஎஸ்ஓ 100-இல் 1/60, 1/15, 1/4. கடைசி இரண்டையும் கையில் பிடிக்க முடியாது. ஐஎஸ்ஓ 800-இல் நிறுத்திவிட்டால் 1/500, 1/125, 1/30. மூச்சைப் பிடித்துக்கொண்டால் முடியும். கொஞ்சம் நாய்ஸ் வரும், பரவாயில்லை. கலங்கிய படத்தை முழுசாகச் சரிசெய்வது மென்பொருளுக்கும் கஷ்டம்.

இதில் ஆட்டோ ஐஎஸ்ஓவை மறக்காமல் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் எந்தப் படத்தை எதை மாற்றி எடுத்தது என்றே தெரியாது. நிக்கானில் மேனுவல் மோடில் ஆட்டோ ஐஎஸ்ஓ போட்டு பிராக்கெட் செய்தால், முதலில் ஐஎஸ்ஓவை வைத்து நடு எக்ஸ்போஷரை அமைத்துக்கொண்டு, பிறகு ஷட்டரை மாற்றிப் போகும். நீங்கள் ஆசைப்பட்டு வைத்த ஷட்டர் உங்கள் கையில் இருக்காது. மற்ற கேமராக்களில் வேறு மாதிரி. கையேட்டில் அந்த ஒரு பக்கத்தையாவது படித்துவிடுவது நல்லது.

வெளிச்சம்தேடி:
நான் இன்னொன்றும் கவனித்தேன். முதலில் போட்ட மென்பொருள், என் மூன்று படத்தையும் ஒரே எக்ஸ்போஷர் என்று காட்டி, சேர்க்கவே மறுத்தது. வேறு ஒன்றில்தான் சேர்த்தேன்.

கணக்குப்பிள்ளை:
அது ஷட்டர் நேரத்தை மட்டும் படித்திருக்கும். ஒருவகையில் பார்த்தால் அதுதான் உண்மையைச் சொன்னது! அப்படிப்பட்ட மென்பொருளில் -2, 0, +2 என்று கையால் கொடுக்கலாம். எக்ஸ்போஷர் ஃப்யூஷன் என்கிற, 2007-இல் வந்த முறையில் இயங்கும் என்ஃபியூஸ் போன்றவற்றுக்கு அந்த எண்களே தேவையில்லை. எந்தப் படத்தில் எந்த இடம் நன்றாகத் தெரிகிறதோ அதை எடுத்துக்கொள்ளும். அடோபியின் உதவிப் பக்கத்திலும் எச்டிஆருக்கு ஷட்டரை மாற்று, ஐஎஸ்ஓவை மாற்றினால் நாய்ஸ் வரலாம் என்றுதான் போட்டிருக்கிறார்கள்.

வாதமெல்லாம் எதற்கு, உங்களிடம்தான் கோப்புகள் இருக்கின்றனவே. ஐஎஸ்ஓ 100 ராவைத் திறந்து நான்கு ஸ்டாப் தூக்குங்கள். பக்கத்தில் 1600 ராவை வையுங்கள். கீழ்த்தட்டை 100 சதவீதத்தில் பாருங்கள். நாய்ஸ் குறைப்பு இரண்டிலும் பூஜ்ஜியத்தில் இருக்கட்டும்.

வெளிச்சம்தேடி:
பார்த்துவிட்டேன். கீழ்த்தட்டில் கறுப்பு அட்டைப் புத்தகம் ஒன்று, முதுகில் சின்னப் பொன்னெழுத்து. 100-ஐத் தூக்கியதிலும் 1600-இலும் அந்த எழுத்து ஒரே மாதிரிதான் புள்ளி புள்ளியாக உடைந்திருக்கிறது. தூக்கியதில் கறுப்பு ஒரு பொடி பச்சை கலந்து தெரிகிறது, அதுவும் தேடிப் பார்த்தால்தான். ஜன்னலோ, 1600-இல் வெறும் வெள்ளைத் தாள். 100-இல் வெளியே இருக்கும் மரத்தின் இலை ஒவ்வொன்றும் இருக்கிறது. அதாவது நான் எடுத்த மூன்றில் ஒன்றே போதும். மற்ற இரண்டும் மெமரி கார்டுக்குப் பாரம்.

பழையலென்ஸ்:
அதிர்ஷ்டக்காரர், புது சென்சார். நானும் இங்கே செய்து பார்த்தேன். என்னுடையதில் 100-ஐத் தூக்கினால் கிடைமட்டக் கோடுகள் எண்ணிவிடலாம் போல நிற்கின்றன. 1600-இல் ஒன்றுகூட இல்லை. எனவே நான் என் வழக்கத்தை விடுவதாக இல்லை, குறைந்தபட்சம் இந்தக் கேமரா உயிரோடு இருக்கும்வரை.

வெளிச்சம்தேடி:
இன்று காலை மறுபடி எடுத்தேன். எஃப்/8, ஐஎஸ்ஓ 100-இல் பூட்டிவிட்டு 1/60, 1/15, 1/4. தொடர் சொடுக்கு, டைமர். பொன்னெழுத்தைப் படிக்க முடிகிறது.

முக்காலிமனிதன்:
திரைச்சீலை?

வெளிச்சம்தேடி:
துணிக் கிளிப் போட்டுக் கட்டிவிட்டேன். நான்கு நாளாக இது ஏன் யாருக்கும் தோன்றவில்லை?